ஆபீசரிடம் சொல்ல வேண்டிய விஷயம்

காலையில் முதலில் பால். அடுத்து முட்டை. அதற்கடுத்து ரொட்டி, ஓரத்தை வெட்டிவிட்டு, முக்கோணமாக அல்ல, சதுரமாக. முட்டையும் ரொட்டியும் ஒரே தட்டில் இருக்கலாம், ஒன்றை ஒன்று தொடக்கூடாது. மிக்சி போடக்கூடாது. குழாயைப் பாதி திறந்தால் போதும். நீலத் துண்டு மகளுக்கு. இன்னொரு துண்டு அவனுக்கு. அது என்ன நிறம் என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. சாப்பிட்டதும் மகள் பல் தேய்ப்பாள். அவன் பக்கத்தில் நின்று தானும் தேய்ப்பான். கண்ணாடியில் இரண்டு வாய் நுரை. மனைவி இறந்த பிறகு ஒவ்வொரு நாளும் இப்படித்தான் தொடங்கியது, ஞாயிறும் சேர்த்து.

அன்று ஞாயிறு. பள்ளி இல்லாததால் மகளும் பட்டறைக்கு வந்தாள்.

பட்டறை என்றால் வேறெங்கோ இல்லை, வீட்டின் முன்னறைதான். பல் கட்டுவது அவன் தொழில். பல் மருத்துவர்கள் வாயில் அளவெடுத்து அச்சை அனுப்புவார்கள். அவன் அதில் சுண்ணமாவு கரைத்து ஊற்றித் தாடை வார்ப்பான், அதன்மேல் மெழுகு கட்டிப் பல்லை வரிசையாக நடுவான், செட்டாக முடித்து அனுப்பிவிடுவான். வாய்க்காரரை அவன் நேரில் பார்த்ததில்லை. பாதி ஊர் அவன் பல்லால்தான் மென்றது, அவன் பல்லால்தான் சிரித்தது. தெருவில் எதிரே வந்தால் அவனை யாரென்று கேட்டது. பட்டப்படிப்பு படித்துவிட்டு இதற்கு வந்ததே இந்த வசதிக்காகத்தான். தாடைகள் வாயைப் பிளந்துகொண்டிருக்குமே தவிர, ஒரு வார்த்தை பேசாது.

மகளுக்கு ஏழு வயது. வீட்டில் அவள் பெயர் ஆபீசர். அம்மா வைத்தது. நடக்கக் கற்ற நாளிலிருந்து அவள் வீட்டைச் சுற்றி வந்து, எது இடம் மாறியிருக்கிறது என்று பார்த்து, நெற்றியைச் சுருக்கி, பழைய இடத்தில் வைத்துவிட்டுத்தான் உட்காருவாள்.

"சோதனை முடிஞ்சுதா ஆபீசர்? குறை ஏதாவது இருக்கா?" என்று அம்மா சல்யூட் அடிப்பாள்.

குறை எப்போதும் இருக்கும்.

ஆபீசருக்கு ஆட்டிசம் என்று போன வருஷம் ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்தார். எல்லாருக்கும் தெரியும். ஆபீசருக்கு மட்டும் தெரியாது.

"அவகிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றாள் மனைவி அப்போது. "நீங்க சொன்னா கரண்ட் பில் படிக்கிற மாதிரி இருக்கும்."

அவன் மறுக்கவில்லை. அதற்குள் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் ஆஸ்பத்திரி ஆயிற்று. ஆஸ்பத்திரியில் சில நாள்தான். சொல்ல வேண்டியவள் போய்விட்டாள், சொல்ல வேண்டியது மட்டும் வீட்டில் தங்கிவிட்டது. மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் அவன் அதை வைத்துக்கொண்டிருந்தான். ஊருக்கே பல் கட்டிக் கொடுப்பவன் நிலைமை அது.

இன்னும் கொஞ்ச காலம் அப்படியே போயிருக்கும், பள்ளிக்கூட விழா வராமலிருந்தால்.

அந்த வீட்டில் ஒரு சைகை இருந்தது. எங்கேயாவது கிளம்பும்போது வாசலிலேயே மனைவி சொல்லிவிடுவாள்: "காதைத் தொட்டா நிறுத்திடணும். அதுக்கப்புறம் வாயைத் திறந்தீங்க, தொலைஞ்சீங்க." போன இடத்தில் சொல்லக்கூடாத ஒன்று புறப்பட்டு வருகிறது என்று தெரிந்ததும், அவள் கம்மலைத் திருகுவது போலக் காதைத் தொடுவாள். வந்த பேச்சு வந்த வழியே திரும்பிவிடும். அந்தச் சைகை குழந்தைக்காக என்றுதான் மற்றவர்கள் நினைத்தார்கள். அதில் பாதி அவனுக்கு. "உங்க மேல் செட்டு பேசும்போது கீழ இறங்குது, கவனிச்சீங்களா?" என்று வீட்டுக்காரரிடம் வாடகை விஷயம் பேசப்போன இடத்தில் கேட்டவன் அவன்.

இப்போது காதைத் தொட ஆளில்லை. விழாவில் தலைமையாசிரியை பெற்றோர்களை வரவேற்றுக்கொண்டே வந்தார். ஆபீசரிடம் குனிந்து, பெரிதாகச் சிரித்து, "எப்படிம்மா இருக்க?" என்றார்.

"நல்லா இருக்கேன். உங்க முன்பல்லுல ரெண்டு மட்டும் வேற நிறம்" என்றாள் ஆபீசர்.

சுற்றி நின்ற எல்லார் பார்வையும் அப்பாவிடம் திரும்பியது. ஒரு அப்பா இந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். அவன் ஓரடி முன்னால் வந்தான். தலையைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தான்.

"ஆமா," என்றான். "கொஞ்சம் மஞ்சள் கூடிப்போச்சு. யார் கட்டினது?"

மறுநாள் வகுப்பாசிரியை கூப்பிட்டு அனுப்பினார். கோபிக்கவில்லை, அவருக்குச் சிரிப்பை அடக்குவதே வேலையாக இருந்தது. திங்கட்கிழமையிலிருந்து வகுப்பில் ஆபீசருக்கு உதவியாக இன்னொரு டீச்சர் வருவார் என்றார். பிள்ளைகளுக்கும் விளக்கிச் சொல்லப்போகிறார்களாம். "அதுக்கு முன்னாடி அவளுக்குத் தெரிஞ்சிருக்கணும் சார். ஊர் பூரா சொல்லி அவ காதுல விழக்கூடாது. உங்க வாயால கேக்கட்டும். ஏதாவது உவமை சொல்லிப் புரிய வைங்க."

இது எப்படியோ மனைவியின் அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. போனில் வந்தாள்.

"தம்பி, நீங்க கஷ்டப்படாதீங்க. ஞாயித்துக்கிழமை மத்தியானம் நான் வரேன். நானே பக்குவமா சொல்லிடறேன்."

அவளுடைய பக்குவம் அவனுக்குத் தெரியும். சொந்தப் பிள்ளையிடம் பூனை செத்ததைப் பக்குவமாகச் சொன்னவள். "பிறந்தவங்க எல்லாரும் ஒருநாள் போக வேண்டியவங்கதான் கண்ணு, மனசைத் திடப்படுத்திக்கோ" என்று தொடங்கினாள். பிள்ளை அலறியடித்துக்கொண்டு அப்பாவின் ஆபீசுக்குப் போன் போட்டுவிட்டது. அவர் மீட்டிங்கை விட்டு ஓடிவந்து பார்த்தால், பூனை.

ஆக, மத்தியானத்துக்குள் அவன் சொல்லியாக வேண்டும்.

சுண்ணத் தாடைகளை வரிசையாக நிறுத்தி முந்தின நாளே ஒத்திகை பார்த்திருந்தான். அவை வாய் பிளந்து கேட்டன. ஒன்றும் குறுக்கே கேட்கவில்லை.

ஆபீசர் ஸ்டூலில் உட்கார்ந்து, மாதிரிப் பற்கள் கோர்த்த நிறச் சட்டத்தை வெளுப்பிலிருந்து மஞ்சளுக்கு அடுக்கிக்கொண்டிருந்தாள். அவன் ஒரு மேல்தாடைக்குப் பல் நட்டுக்கொண்டிருந்தான். யாரோ ஓய்வுபெற்ற நீதிபதியின் தாடை.

"ஆபீசர், ஒரு விஷயம் சொல்லணும்."

"சொல்லுங்க."

"முக்கியமான விஷயம்."

"சொல்லுங்க."

"பயப்பட ஒண்ணும் இல்ல."

அவள் நிறச் சட்டத்தைக் கீழே வைத்தாள். "இதுவரைக்கும் பயப்படல."

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். உவமை. "நம்ம மூளை ஒரு ரேடியோன்னு வச்சுக்கோ."

"வச்சுக்க முடியாது."

"ஏன்?"

"மூளை ஈரமா இருக்கும். ரேடியோல ஈரம் பட்டா கெட்டுப்போயிடும். நம்ம ரேடியோ அப்படித்தான் போச்சு. நீங்கதான் தண்ணி ஊத்தினீங்க."

உண்மை. அவன் மெழுகைச் சூடாக்கி, இன்னொரு பல்லை எடுத்தான். தெரிந்த தொழிலிலேயே உவமை இருக்க, ரேடியோவுக்குப் போனது தன் தப்பு என்று பட்டது.

"சரி, பல்லையே எடுத்துக்குவோம். ஒவ்வொருத்தர் வாய் ஒவ்வொரு மாதிரி. ஒருத்தர் செட்டை இன்னொருத்தருக்குப் போட முடியுமா?"

"முடியாது. வலிக்கும்."

"ஆங்! அதே மாதிரிதான்..."

"எனக்குப் பல்லு பிடுங்கப் போறாங்களா?"

"இல்லம்மா."

"அந்தக் கசப்பு மாவை வாயில வச்சு அளவெடுப்பாங்களா?"

"எதுவும் எடுக்க மாட்டாங்க. நான் பல்லைப் பத்திப் பேசல."

"பல்லைப் பத்தித்தான் பேசறீங்க. ஆனா வேலையில கவனம் இல்ல. இடது கோரைப்பல்லை வலது பக்கம் வச்சிருக்கீங்க."

அவன் பார்த்தான். வைத்திருந்தான். அப்படியே போயிருந்தால் பாவம், அந்த நீதிபதி மிச்ச ஆயுளுக்கும் யாரையோ ஓரக்கண்ணால் கேலி செய்வது போலச் சிரித்துக்கொண்டிருந்திருப்பார். பல்லைப் பிடுங்கினான். பல்லோடு உவமையும் வந்துவிட்டது.

"உனக்கு ஆட்டிசம் இருக்கு" என்றான்.

கரண்ட் பில் மாதிரியேதான் வந்தது.

"சரி," என்றாள் ஆபீசர். "அப்படின்னா என்ன?"

"மூளை வேலை செய்யற விதம் கொஞ்சம் வேற. பிறந்ததிலேருந்தே அப்படி. மிக்சி சத்தம் மத்தவங்களுக்குச் சும்மா கேக்கும், உனக்கு வலிக்கும். ஒரு பொருள் இடம் மாறினா உனக்கு உடனே தெரியும். மத்தவங்க மனசுல ஒண்ணு வச்சுக்கிட்டு வாயால வேற சொல்லும்போது உனக்குப் புரியறது கஷ்டம்."

"அப்படி ஏன் சொல்றாங்க?"

"எனக்கும் தெரியல."

"இது நோயா?"

"இல்ல. மத்தவங்களுக்குத் தொத்தாது. மருந்து கிடையாது. போகாது."

"போகவே போகாதா?"

இங்கேதான் அழுவாள் என்று ஒத்திகையில் எதிர்பார்த்திருந்தான். கைக்குட்டையைக்கூட மேசை இழுப்பறையில் தயாராக வைத்திருந்தான். "போகாது" என்றான்.

"நாளைக்கு ஸ்கூலுக்கும் வருமா?"

"வரும்."

"நல்லது. நாளைக்குப் புது டீச்சர் வேற வராங்க. எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்தக்கூடாது."

கைக்குட்டை இழுப்பறையிலேயே இருந்தது. அவனுக்குத்தான் எங்கேயாவது உட்கார வேண்டும் போலிருந்தது. ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான்.

"இத யாரு கண்டுபிடிச்சா?" என்றாள்.

"கட்டையெல்லாம் கொடுத்து விளையாடச் சொன்னாரே, அந்த டாக்டர்."

"அந்த ரூம்ல ஒரு பொம்மைக் காருக்குச் சக்கரம் இல்ல. நான் சொன்னேன். சரி பண்றேன்னு சொன்னார். பண்ணிட்டாரா?"

"தெரியல."

"பண்ணியிருக்க மாட்டார்." கொஞ்ச நேரம் அவனையே மேலும் கீழும் பார்த்தாள், வீட்டைச் சோதனை போடுவது போல. "உங்களுக்கும் மிக்சி பிடிக்காது. ஹெட்மிஸ்டிரஸ்கிட்ட நீங்களும்தான் சொன்னீங்க. உங்களை அவர் பாத்தாரா?"

"என்னை யாரும் பாக்கச் சொல்லல."

"போய்க் காட்டுங்க. அப்படியே அந்தச் சக்கரத்தையும் கேட்டுட்டு வாங்க."

முடிந்தது என்று அவன் நினைத்தான். இவ்வளவுதானா? இதற்கா ஒரு வருஷம்? கோரைப்பல்லை எடுத்து இந்த முறை சரியான பக்கத்தில் வைத்தான். ஆபீசர் நிறச் சட்டத்தைக் கையில் எடுத்தாள், அடுக்கவில்லை.

"டாக்டர் எப்ப சொன்னார்?"

"போன வருஷம். மழைக்காலம்."

"மழைக்காலத்துலதான் அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனாங்க."

"ஆமா."

"முதல்ல எனக்கு அது இருக்குன்னு சொன்னாங்க. அப்பறம் அம்மா செத்துப்போயிட்டாங்க." ஒரு பல்லை எடுத்து இன்னொரு பல்லுக்குப் பக்கத்தில் வைத்தாள். "அதனாலயா?"

இதை எந்தத் தாடையும் அவனிடம் கேட்டிருக்கவில்லை. வாயைத் திறந்தான். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினான்.

"நிச்சயமா?"

ஆமாம் என்று அதற்கும் தலையைத்தான் ஆட்டினான். அப்போது வாசலில் மணி அடித்தது.

மனைவியின் அக்கா எதையும் தாமதமாகச் செய்பவள் இல்லை. மத்தியானம் என்றால் அவளுக்குப் பதினொரு மணி. உள்ளே நுழையும்போதே கண் கலங்கியிருந்தது. வழியிலேயே ஆரம்பித்திருக்க வேண்டும். "என் கண்ணுமணி!" என்று இரண்டு கையையும் விரித்தாள். ஆபீசர் முழங்கையை நீட்டினாள். பெரியம்மா முழங்கையைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினாள். அது இருவருக்கும் இடையில் எப்போதோ ஆன ஒப்பந்தம்.

"கண்ணு, பெரியம்மா ஒண்ணு சொல்லுவேன், கலங்கக்கூடாது," என்று உட்கார்ந்தாள். "இந்த உலகத்துல பூ இருக்கு, காய் இருக்கு..."

"பெரியம்மா, எனக்கு ஆட்டிசம். அப்பா சொல்லிட்டார். நீங்க அழ ஆரம்பிக்கலாம்."

பெரியம்மாவுக்கு அழக்கூட வரவில்லை. பேச எழுந்தவரிடமிருந்து மைக்கைப் பிடுங்கினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தாள்.

"இப்படியா தம்பி போட்டு உடைப்பீங்க? பச்சப் பிள்ள!"

"அப்பா எதையும் உடைக்கல," என்றாள் ஆபீசர். "கோரைப்பல்ல மட்டும் மாத்தி வச்சார். அதையும் நான் சொல்லிட்டேன்."

"என் தங்கச்சி இருந்திருந்தா இப்படி விட்டிருப்பாளா!" பெரியம்மாவுக்கு இப்போது சரளமாக வந்துவிட்டது. "கடைசி மூச்சுலகூட உன் நெனப்புதான் கண்ணு அவளுக்கு. 'என் கண்ணுமணிய கைவிட்டுடாதீங்க'ன்னு உங்கப்பா கையப் பிடிச்சுக்கிட்டு..."

இந்த வாக்கியம் பிறந்த கதை இது. ஆஸ்பத்திரி நடைவழியில் அக்கா அவனை உலுக்கி, "கடைசியா என்ன சொன்னா தம்பி?" என்று கேட்டாள். அவன் வாயைத் திறக்கவில்லை. "பிள்ளையைப் பத்தித்தான சொன்னா? கைவிட்டுடாதீங்கன்னுதான?" அவன் தலையாட்டினான். தலையாட்டினால் விடுவாள் என்று ஆட்டினான். வாக்கியம் அங்கிருந்து புறப்பட்டு உறவுக்காரர் வீடுகளுக்கெல்லாம் போய்வந்தது. போகிற வழியில் கைப்பிடி சேர்ந்தது, கண்ணீர் சேர்ந்தது. வருஷம் முழுக்க யார் வந்தாலும் அவன் எதிரிலேயே சொன்னார்கள். அவனும் ஒவ்வொரு முறையும் தலையாட்டினான்.

ஆபீசர் ஸ்டூலை விட்டு இறங்கி அவனுக்கு நேரே வந்து நின்றாள்.

"அம்மா என்னைக் கண்ணுமணின்னு கூப்பிட்டதே இல்ல. பெரியம்மாதான் அப்படிக் கூப்பிடுவாங்க. அம்மா ஆபீசர்னுதான் கூப்பிடுவாங்க."

"சாகற நேரத்துல எல்லாரும் பாசமாத்தான்..." என்று ஆரம்பித்தாள் பெரியம்மா.

"அப்பா. பெரியம்மா இதச் சொல்லும்போதெல்லாம் நீங்க தலையாட்டினீங்க. இப்ப நான் அதனாலயான்னு கேட்டப்பவும் தலைதான் ஆட்டினீங்க. அதுவும் இதே மாதிரிதானா?"

மேசை முழுக்கத் தாடைகள் பிளந்த வாயோடு காத்திருந்தன.

அவன் கை தானாக மேலே போய்க் காதைத் தொட்டது. ஒரு வருஷத்தில் முதல் தடவை. ஆபீசர் உடனே வாயை மூடிக்கொண்டாள். சட்டம் சட்டம்தான், யார் தொட்டாலும். உதட்டை உள்ளே மடித்துப் பல்லால் கடித்துக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இனி கேட்கமாட்டாள். இன்றைக்கு மட்டுமல்ல, என்றைக்குமே கேட்கமாட்டாள். மழைக்காலத்தில் முதலில் அது வந்தது, அப்பறம் அம்மா செத்தாள் என்று தனக்குள்ளேயே அடுக்கி வைத்துக்கொண்டுவிடுவாள்.

அவன் கையைக் காதிலிருந்து எடுத்தான்.

"உன்னால இல்ல," என்றான். "அம்மாவுக்கு ரத்தத்துல கிருமி ஏறிடுச்சு. உனக்கு ஆட்டிசம் இல்லேன்னாலும் ஏறியிருக்கும். எனக்கு நிச்சயமாத் தெரியும். பெரியம்மா சொல்றது அம்மா சொன்னது இல்ல. நான் சும்மா தலையாட்டினேன். அது தப்பு."

"தம்பி!" என்றாள் அக்கா.

"அப்ப அம்மா என்ன சொன்னாங்க?"

"சொல்ற மாதிரி இல்ல ஆபீசர், அதான் சொல்லல."

"நான் கேக்கற மாதிரிதான் இருக்கேன்."

அவன் அக்காவைப் பார்த்தான். அவள் தன் கைக்குட்டையை மடியில் போட்டுவிட்டு, தாடையைக் கையில் தாங்கிக்கொண்டு, அவளும் கேட்கிற மாதிரிதான் இருந்தாள்.

"பெரிய டாக்டர் உள்ள வந்தார்," என்றான். "ஒண்ணும் பயப்படாதீங்கன்னு அம்மாகிட்ட சொல்லிட்டு, நல்லாச் சிரிச்சார். நான் அவர் வாயையே பாத்துக்கிட்டு இருந்தேன். அம்மா என்னைப் பாத்தா. காதைத் தொடப் பாத்தா. ரெண்டு கையிலயும் ஊசி ஏத்தியிருந்தாங்க, தூக்க முடியல. கண்ணால கிட்ட வரச் சொன்னா. குனிஞ்சேன். ஒண்ணு சொன்னா. அப்பறம் தூங்கிட்டா. அதுக்கப்புறம் எழுந்திருக்கல."

"என்ன சொன்னாங்க?"

"‘அவர் முன்பல்லு ரெண்டும் கட்டுப்பல்லுதான், நானும் பாத்துட்டேன். வாயைத் திறந்தீங்க, தொலைஞ்சீங்க.’"